ஒன்றாம் நம்பர் ஜெர்சி

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு முடிதிருத்தும் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலைப் பார்த்த முதல் சுழல் நாற்காலியில் ஊர்க் கால்பந்து டீமின் ரசிகர் சங்கத் தலைவர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது சுழல் நாற்காலியில் எலெக்ட்ரீசியன், ஒரு காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை அரைவட்டமாக ஆட்டிக்கொண்டு. சுவரோர பெஞ்சில் பழைய பத்திரிகைகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டவர் ரொட்டிக்கடைக்காரர். கடைக்குச் சொந்தக்காரரான பார்பர் நின்றுகொண்டிருந்தார். சொந்தக் கடையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெஞ்சின் மறுகோடியில், மடியில் சங்கத்தின் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, செயலாளர். மார்க்கெட் முனையில் சாவி வெட்டுகிறவர் என்பதால் ஊருக்கு அவர் சாவிக்காரர்.

அந்தக் கோடியில் மழை நாளில் கூரை சொட்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் அங்கேதான் உட்காருகிறார். சொட்டுக்குக் கீழே சவரக் கிண்ணம் ஒன்றை வைத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் காலை ஒடுக்கிக்கொள்வார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் மழை விட்டாப் போதும்," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"விடாட்டிதான் நல்லது. சேத்துல அவனுங்களால ஓட முடியாது," என்றார் பார்பர்.

"நம்மாளுங்க மட்டும் ஓடிருவானுங்களா? போன சீசன்ல காஞ்ச தரையிலயே வழுக்கி விழுந்தவனுங்க."

தலைவர் கைத்தடியைத் தட்டினார். "சிரிக்கிற விஷயமாய்யா இது? போன வருஷம் கடைசி மேட்ச்ல கீழ் டிவிஷனுக்குப் போகாம மயிரிழையில தப்பிச்சோம். இந்த வருஷம் முதல் மேட்ச்சே ஆத்துக்கு அந்தப் பக்கத்து டீம். எனக்கு மூணு நாளாச் சாப்பாடு இறங்கல."

"நேத்து நம்ம கடையில ஆறு பன்னு இறங்குச்சே தலைவரே."

"அது டீக்குத் தொட்டுக்கிட்டது. கணக்குல வராது."

"நெட்டையன் கோல்ல நிக்கிற வரைக்கும் நமக்குப் பயமில்ல," என்றார் பார்பர். நெட்டையன் என்றால் கோல்கீப்பர். போன வருஷம் டீம் பிழைத்தது அவன் இரண்டு கைகளால்தான் என்பதில் அந்த ஊரில் இரண்டு பேச்சு இல்லை.

எலெக்ட்ரீசியன் நாற்காலி ஆட்டுவதை நிறுத்தினான். "புதுசா பேக் ஒருத்தன் வந்திருக்கான். காலையில பிராக்டிஸ்ல பார்த்தேன். இடது காலுதான். உதைச்சான்னா என் ஏணி அதிருது."

மற்ற மூன்று தலைகளும் திரும்பின. சாவிக்காரர் தலையும் திரும்பியது, அவருக்கு இஷ்டமில்லாமலேயே. நோட்டில் "புதிய தடுப்பாட்டக்காரர் வருகை" என்று எழுதினார். பேனா அடுத்த பக்கம் வரை பதிந்தது.

எலெக்ட்ரீசியனுக்கு மைதானத்து விளக்குகளில் பல்பு மாற்றும் வேலை கிடைத்ததிலிருந்து நாலு வருஷமாக இதே கதைதான். சங்கம் முளைத்த நாளிலிருந்து கிளப்புக்குப் போன கடிதம் ஒவ்வொன்றும் சாவிக்காரர் கைப்பட எழுதியது. ரசிகர்கள் நிற்கும் மண்மேட்டில் குழாய் வேண்டும், மத்தளம் அடிக்க அனுமதி வேண்டும், கோலுக்குப் பின்னால் வேலி துருப்பிடித்துவிட்டது என்று நூற்றுப்பத்துக் கடிதம். வந்த பதில் மூன்று. மூன்றையும் உறையோடு ஃபைலில் வைத்திருக்கிறார். ஆனால் உள்ளே போய்விட்டு வருகிறவன் எலெக்ட்ரீசியன். ஏணியில் ஏறியவன் சொன்னால் செய்தி. மண்மேட்டில் நின்றவன் சொன்னால் அபிப்பிராயம்.

"ஏன் சாவி," என்றான் எலெக்ட்ரீசியன். "நான் என்ன பெருசாப் பாத்துட்டேன். உங்க வீட்டம்மாவைக் கேட்டா என்கிட்ட இல்லாத சேதியெல்லாம் வரும். எட்டு வருஷமா டீம் துணி மொத்தம் அவங்க கையிலதானே? இப்போ சேர் பாஸே குடுத்திருக்காங்க. கூரைக்கு அடியில, கமிட்டிக்குப் பின்வரிசை."

"தெரியும்," என்றார் சாவிக்காரர்.

அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது முன்னறை முழுக்க ஜெர்சி. மழைக்காலத்தில் வெளியே காயப்போட வழியில்லை. சுவருக்குச் சுவர் நாலு கயிறு கட்டி, உள்ளேயே உலர்த்துவாள் மனைவி. நீலத்தில் நம்பர் நம்பராகத் தொங்கும் துணிகளுக்கு நடுவே ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சந்து. சாப்பாட்டு மேசை ஒன்பதாம் நம்பருக்கு நேர் கீழே. சட்டைக் கையை ஒதுக்கிவிட்டுத்தான் தட்டைப் பார்க்க வேண்டும். அறை முழுக்க சோப்பு வாசனை, ஈரச் சுவர் வாசனை, அடுப்பில் வேகிற உருளைக்கிழங்கு வாசனை.

"பாஸ் வந்துச்சாமே," என்றார், செருப்பைக் கழற்றும் முன்பே.

"மத்தியானம் கிளப் ஸ்டோர் அண்ணன் குடுத்துட்டுப் போனார். நீங்க வந்ததும் காட்டலாம்னு வெச்சிருந்தேன். யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு வேற வேலையில்ல." அவள் அலமாரியிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள். பெயர் எழுதும் இடத்தில் ‘சலவை அம்மா’ என்று இருந்தது. "பேரு போட்டிருக்காங்க. இல்லன்னா நீங்களே போயிட்டு வந்திருக்கலாம். எனக்கென்ன தெரியும். ஆஃப்சைடுன்னா என்னன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஃப்சைடு தெரியாதவளுக்குக் கூரையும் நாற்காலியும். கொடி தூக்கும் முன்பே ஆஃப்சைடு என்று சொல்லிவிடுகிறவனுக்கு மண்மேடும் மழையும். பெண்டாட்டிக்கு வந்ததைப் பார்த்துப் புருஷன் புழுங்கலாமா என்று கேட்டால் கூடாதுதான். புழுக்கம் கேட்டுக்கொண்டா வருகிறது.

"எனக்கெதுக்கு பாஸ். நான் மேட்டுலயே நிப்பேன்." உருளைக்கிழங்கைப் பிட்டார். "அது போகட்டும். நெட்டையன் எப்படி இருக்கான்? பிராக்டிஸ் நல்லாப் பண்றானா?"

"துணி விஷயம் நான் பேசறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? முத நாளே அண்ணன் சொல்லிட்டார். துணியில பாக்குறது துணியோட போயிடணும்னு."

"நான் என்ன வேத்தாளா?"

"நீங்க சங்கம்," என்றாள் அவள், உப்பை நகர்த்தி வைத்தபடி.

மறுநாள் புதன். மதியம் அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது வாசலில் கிளப் துணி கொண்டுவரும் மூன்று சக்கர வண்டியின் தடம் ஈரமாக இருந்தது. பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கூடை. வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவள் இல்லை, சோப்புத்தூள் தீர்ந்து கடைக்குப் போயிருந்தாள் என்று காலி டப்பா சொன்னது.

கூடையை அவர் எட்டு வருஷத்தில் தொட்டதில்லை. மற்றவர் பூட்டைத் திறந்து பிழைப்பவருக்கு அதில் ஒரு கறார் இருந்தது: உரிமைக்காரன் பக்கத்தில் நின்றால்தான் கம்பியை எடுப்பார். கூடைக்குப் பூட்டில்லை. ஈரத்துணியால் மூடியிருந்தது, அவ்வளவுதான். ஒரு விரலால் விலக்கினார்.

மேலாக இருந்தது மஞ்சள் ஜெர்சி, ஒன்றாம் நம்பர். நனைந்திருந்தது. காலையெல்லாம் மழை பெய்ததே, நனையாமல் என்ன செய்யும். ஆனால் மண் இல்லை. மார்பில் இல்லை, முழங்கையில் இல்லை. கீழே இருந்ததைப் புரட்டினார். மாற்றுக் கோல்கீப்பரின் பதிமூன்றாம் நம்பர், கழுத்து வரை செம்மண். மற்றதெல்லாமும் அப்படியே.

மழையில் நின்றிருக்கிறான், விழவில்லை. விழாத கோல்கீப்பர் உண்டா? ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். முட்டியோ, இடுப்போ, ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நெட்டையன் இல்லை.

தோற்றுவிடுவோமே என்று பயந்தார். சத்தியமாகப் பயந்தார், இருபத்திரண்டு வருஷப் பைத்தியம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலேயே சின்னதாக, கதகதப்பாக வேறொன்றும் இருந்தது. இது எலெக்ட்ரீசியனுக்குத் தெரியாது.

மாலை கடையில் அவர் உடனே சொல்லவில்லை. கிண்ணத்தைச் சொட்டுக்கு நேராக வைத்தார். நோட்டைப் பிரித்தார். எலெக்ட்ரீசியன் புது பேக்கின் சொந்த ஊர், சம்பளம், செருப்பு அளவு எல்லாம் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அதெல்லாம் சரி. கோல்ல யாரு நிப்பா?"

"நெட்டையன்தான். இதென்ன கேள்வி."

"நெட்டையன் ஆடமாட்டான்."

பார்பர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?" என்றார் தலைவர்.

"சொன்னாதானா? பிராக்டிஸ்ல விழாம நிக்கிறான். ஜெர்சியில ஒரு பொட்டு மண்ணு இல்ல. மழையில நனைஞ்ச ஈரம் மட்டும்தான். நீங்களே யோசிச்சுக்குங்க."

எலெக்ட்ரீசியன் முகம் சுருங்கியது. "நான் நேத்துதானே பார்த்தேன்..."

"நேத்து நேத்து. நான் சொல்றது இன்னிக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வழி இருக்கு."

தலைவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். "இப்படி ஈரத்துல ஏன் உக்காந்திருக்கீங்க. இங்க வாங்க." சாவிக்காரர் முதல் தடவையாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். எலெக்ட்ரீசியனும் கண்ணாடியில் தெரிந்தான். நாற்காலியை ஆட்டாமல் இருந்தான். அன்று ராத்திரி சாவிக்காரருக்குப் படுத்ததும் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை ஊர் கொதித்தது. சாவி வெட்ட வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குச் சாவி தேவையில்லை, சேதிதான் தேவை. மேட்டில் மத்தளம் அடிக்கிறவன் தோலை இழுத்துக் கட்டாமல் போட்டுவிட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இதற்குப் பாட்டே கட்டிவிட்டார்களாம். யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: ஜெர்சியில் மண் இல்லையாம். ‘எனக்கும் வழி இருக்கு’ என்று சொன்னபோது, தனக்கு இருக்கும் வழி எது என்று ஊருக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கிளப்பின் ஸ்டோர்காரர் வந்தார். வண்டியில்லாமல் நடந்து வந்தார். சாவிக்காரர் ஒன்பதாம் நம்பருக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவருக்கு அவர் தெரியவில்லை.

"உக்காருங்கண்ணே."

"உக்கார வரலம்மா." குடையை மடக்காமலே நின்றார். "நெட்டையன் நேத்து ரொட்டிக்கடைக்குப் போயிருக்கான். முட்டி எப்படி இருக்குன்னு ஏழு பேர் கேட்டிருக்காங்க. எட்டாவது ஆள் ஸ்டூலை எடுத்துப் போட்டிருக்கான், வலியோட நிக்காதீங்கன்னு. அவன் நேரா கோச்சுகிட்டப் போயி, என்னை வெளிய உக்கார வைக்கத்தான் இப்படிக் கிளப்பி விடறீங்களான்னு ஒரே சண்டை. கோச்சு கமிட்டியைக் கேக்குறார். கமிட்டி என்னைக் கேக்குது. ஜெர்சியைப் பாக்குற வீடு ஊர்ல ஒண்ணே ஒண்ணுதானேம்மா."

"நான் சொல்லலண்ணே."

"நீ சொல்லலன்னா வேற யாரு?"

 தொங்குகிற துணிகளின் பக்கம் அவள் திரும்பவில்லை. சாவிக்காரர் வாயில் ரொட்டி இருந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். அவர் எழவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி," என்றார் ஸ்டோர்காரர். "திங்கக்கிழமையிலேருந்து மெஷின் கடைக்கே குடுத்துடலாம்னு பேச்சு. நான் ஒத்தையாளா என்ன சொல்லி நிறுத்துவேன்? உன் கையை மாதிரி வராதுன்னு எனக்குத் தெரியும். அதைச் சொன்னா, கை சரி, வாய்னு கேக்குறாங்க."

அவர் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். பிறகு வந்து ஒன்பதாம் நம்பரின் சட்டைக் கையை ஒதுக்கினாள்.

"கூடையைத் தொட்டீங்களா?"

"சும்மா... மேலாப்புல..."

"ஒண்ணாம் நம்பர்ல மண்ணு இல்லாமப் பாத்தீங்க."

"இல்லையே. நான் என்ன பண்ணட்டும். கண்ணால பார்த்தேன்."

அவள் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "எல்லாத்தையும்விட நெட்டையன் துணிதான் மோசமா வரும். மண்ணு காஞ்சுதுன்னா மஞ்சள்ல கறை நின்னுடும். அதனால வண்டி வாசல்ல நிக்கும்போதே அதை மட்டும் எடுத்துக் கொழாயில அலசி, கூடை மேல போட்டுட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பேன். அன்னிக்கு அலசுன தண்ணி முத்தம் முழுக்கச் செவப்பா ஓடுச்சு. ரெண்டாளு விழுற அளவு அவன் ஒருத்தனே விழுந்திருந்தான்."

சாவிக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எட்டு வருஷத்துல ஒரு நாள் தொட்டிகிட்ட நின்னு பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்கும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஏன் போய்ச் சொன்னீங்க?"

"எலெக்ட்ரீசியன் நாலு வருஷமா உள்ள பாத்ததைச் சொல்லிட்டிருக்கான்."

"காய்ச்சல் அவன் மேல. கஷாயம் எனக்கா?"

அவன் மேல் மட்டும் இல்லை என்பதை அவர் எப்படிச் சொல்வார். தவளை தன் வாயால் கெட்டால் பரவாயில்லை. இங்கே கெட்டது பக்கத்துத் தவளை.

"வேலை போனாப் போகுது, வேற துணி கிடைக்கும்," என்றாள். "ஆனா வாய்நீளக்காரின்னு பேரோட வெளிய வந்தா எந்த வீட்டுல என்னை நம்பித் துணி போடுவாங்க? ஒவ்வொருத்தர் துணியிலயும் என்னென்னமோ இருக்கும். எல்லாத்தையும் பாத்துட்டு எதையும் பாக்காத மாதிரி இருக்கிறதுதாங்க என் தொழிலே. நூத்துப்பத்துக் கடுதாசி எழுதினீங்களே. இன்னும் ஒண்ணு எழுதுங்க."

மேசையைத் துடைத்தாள். அவர் ஃபைலை எடுத்து வந்தார். சங்கத்தின் தாள், சங்கத்தின் பேனா. தேதி போட்டார், பெறுநர் போட்டார், பொருள் போட்டார். பழகின கை, மளமளவென்று ஓடியது. முடித்ததும் உரக்கப் படித்தார்.

"ஐயா, கடந்த புதன்கிழமை முதல் நகரில் பரவிவரும் ஆதாரமற்ற வதந்தி குறித்து எங்கள் சங்கம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. இதற்கும் சலவைப் பணியாளருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை எங்கள் சங்கம் தெரிவித்துக்கொள்கிறது..."

அவள் கேட்டுக்கொண்டே ஒரு ஜெர்சியை மடித்தாள். "நல்லா இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்கள் சங்கம்னா அதுல நானும்தானே."

"கூடையைத் திறந்தது சங்கமா?"

"நீ ஒண்ணு புரிஞ்சுக்க. எலெக்ட்ரீசியனோட அண்ணன் கமிட்டியில இருக்கான். நான்தான் தொறந்தேன்னு எழுதி, பத்து மணிக்கு அதைப் படிச்சா பத்தரைக்கு பார்பர் கடையில தெரிஞ்சுடும். பெண்டாட்டி கூடையைத் திருட்டுத்தனமா நோண்டினவன், அதையும் தப்பா நோண்டினவன்னு என் காலம் முழுக்கச் சிரிப்பானுங்க."

"சிரிப்பாங்க," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "சிரிச்சு முடிச்சிட்டு உங்ககிட்டயே பூட்டு தொறக்க வருவாங்க."

வேறு தாள் எடுத்தார். சங்கத்தின் பெயர் அச்சிடாத வெறும் தாள். இந்தத் தடவை கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் கிளப்புக்கு ‘நான்’ என்று அவர் எழுதியதே இல்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, மழை ஓட்டில் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல எழுதினார். எழுதினதைப் படித்தார்.

"ஐயா, நான் சாவி வெட்டுகிறவன். புதன்கிழமை மதியம் என் மனைவி வீட்டில் இல்லாதபோது கூடையைத் திறந்தேன். அவர் முதலிலேயே அலசி வைத்திருந்த கோல்கீப்பரின் ஜெர்சியை, மண்படாத ஜெர்சி என்று தப்பாக நினைத்தேன். அதை அன்று மாலையே வெளியில் சொன்னதும் நான். என் மனைவி எட்டு ஆண்டுகளில் உங்கள் அணியைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டும் சொன்னதில்லை. அது..."

நிறுத்தினார்.

"அது?"

"அது எனக்குப் பொறாமையாக இருந்தது." தாளைத் தாழ்த்தினார். "இது தேவையில்லை. அடிச்சுடறேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். எதற்கென்று இப்போது இருவருக்கும் மறந்துவிட்டது.

"இருக்கட்டும்," என்றாள். "அடிச்சா அழுக்காத் தெரியும்."

கையெழுத்துப் போட்டார். முத்திரை வைக்கப் பழக்கத்தில் கை போனது, திரும்பிவிட்டது. தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். மடிப்பில் பசை தடவிய பிறகு, அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றில் ஒன்பது, நாலு, பதினொன்று என்று வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது, எங்கே கிழிந்தது, எவன் ஓடினான், எவன் ஓடின மாதிரி காட்டினான் என்று எல்லாம் தெரிந்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"துணியைப் பாத்தா உனக்கு என்ன தோணுது? ஞாயித்துக்கிழமை ஜெயிச்சுடுவோமா?"

"பசை காயுது," என்றாள் அவள். "கவரை ஒட்டுங்க."

ஒட்டினார். நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மழையில் நடந்து, கிளப் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.